பத்தாண்டுத் தவணை: சிங்கப்பூர் ஆற்றைத் தூய்மை செய்த திட்டமும் அதன் கட்டங்களும்

1977ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தின் திறப்பு விழா நடைபெற்றது. அவ்விழாவில் உரையாற்றிய பிரதமர் லீ குவான் இயூ, இன்னும் பத்தாண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மக்கள் மீன் பிடிக்கும் நிலை வரவேண்டும் என்றும், அது செய்து முடிக்கக்கூடியதே என்றும் கூறினார். அக்காலத்தில் அந்த ஆறுகளின் அருகே நடந்தவர்க்கு இது எளிதில் நம்பத்தக்க பேச்சாக இருந்திராது. எண்ணெயும் சாணமும் அழுகிய காய்கறியும் மிதந்த நீர் அது. கரையோரம் செல்பவர் மூக்கைப் பொத்திக்கொண்டே செல்வர்.

அவ்வுரை நிகழ்ந்த இடத்தையும் நாம் கருத வேண்டும். காலாங் ஆறு லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் தொடங்குகிறது. அதற்கும் மேற்புறத்தில் அமைந்ததே அப்பர் பியர்ஸ். தெளிந்த நீர் நிறைந்த தலைப்பகுதியில் நின்றுகொண்டு, சில கல் தொலைவில் அதே நீர் என்னவாகிறது என்பதைப் பற்றிப் பேசியது போன்றது அது.

ஒரு வளர்ச்சித் திட்டத்தைக் கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஒரு மைல்கல்லை நடுவது இன்று பள்ளி மாணவரும் அறிந்த முறை. திட்டப் பணிக்கென அவர்கள் வரையும் அட்டவணையில் வாரங்கள் மேலே வரிசையாக நிற்கும். பணிகள் இடப்பக்கம் இறங்கிவரும். ஆயினும் எந்தப் பணி முந்த வேண்டும், எது பிந்த வேண்டும் என்பதை எது முடிவு செய்கிறது, அந்த வரிசையால் யாருக்கு என்ன நேர்கிறது என்னும் வினாக்களுக்கு அட்டவணையில் இடமில்லை. அவ்வினாக்களோடு சிங்கப்பூர் ஆற்றின் பத்தாண்டுகளை அணுகவே இக்கட்டுரையில் முற்படுகிறோம்.

முதலில் மீனைப் பற்றி. இலக்காக மீனைச் சொன்னது வெறும் சொல்லழகு அன்று. நீரின் தூய்மையை அளக்க ஆய்வுக்கூடத்தில் பல அளவைகள் உண்டு. அவற்றை அறிக்கையில் படித்து எத்தனை பேர் விளங்கிக்கொள்வர்? ஆற்றில் மீன் இருக்கிறதா இல்லையா என்பதை எவரும் கரையில் நின்றே சொல்லிவிடலாம். நீரில் கரைந்த உயிர்வளி போதிய அளவில் இல்லாவிட்டால் மீன் வாழாது. எந்த அதிகாரியின் ஆணையாலும் அதை வாழவைக்க இயலாது. பொதுமக்களும் அறிவியலாரும் ஒருங்கே ஏற்கக்கூடிய ஒரு மைல்கல் அவ்வாறு கிடைத்தது. அதற்குப் பின்னால் பெரியதொரு நோக்கமும் இருந்தது. குடிநீருக்கு ஜொகூரை நம்பியிருந்த நாட்டில், 1960களின் தொடக்கத்தில் தண்ணீர்ப் பங்கீட்டைக் கண்ட நாட்டில், பெய்யும் மழை எதுவும் வீணாகக் கடலில் சேரலாகாது என்ற எண்ணம் வலுத்திருந்தது. கட்டடங்கள் நிறைந்த பகுதியில் விழும் மழையையும் சேர்த்துவைக்க வேண்டுமாயின், அது ஓடிவரும் கால்வாய்கள் தூய்மையாக இருத்தல் வேண்டும்.

அந்த ஆறு ஏன் அந்நிலையை அடைந்தது? சிங்கப்பூர் ஆறு மூன்று கிலோமீட்டர் அளவே நீளமுள்ளது. அதன் முகத்துவாரத்தை ஒட்டியே 1819க்குப் பிந்திய வாணிகம் வளர்ந்தது. நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து சரக்கை இறக்கிக் கரைக் கிடங்குகளுக்குக் கொண்டுசேர்த்த படகுகளே அந்நகரின் உயிர்நாடி. தொடக்கக் காலத்தில் அப்படகுத் தொழிலில் மேலோங்கி நின்றவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள் என்பதைத் தமிழ் மாணவர் அறிந்திருத்தல் நன்று. தொங்கான் என்னும் சொல் நம் வழக்கில் புழங்கியதும் அத்தொழிலின் வழியேதான். பின்னர் அத்தொழில் ஹொக்கியன், தியோச்சூ சீனரின் கைக்கு மாறிற்று. முகப்பில் கண் வரையப்பெற்ற துவாக்கோ படகுகள் ஆற்றை நிறைத்தன. 1869இல் கட்டி முடிக்கப்பெற்ற கேவனா பாலம் தாழ்வானது. நீர் ஏற்றத்தின்போது படகுகள் அதன்கீழ் நுழைய இயலாமல், நீர் இறங்கும்வரை காத்துக் கிடக்கும். ஆற்றின் நாளும் பொழுதும் கடலின் ஏற்ற இறக்கத்தோடு பிணைந்திருந்தன.

காலனி ஆட்சியில் ஆணையங்களும் குழுக்களும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை இவ்வாற்றை ஆராய்ந்தன. சேற்றை வாருவது, கரையைச் சீர்செய்வது, நெரிசலைக் குறைப்பது ஆகியவையே அவர்களின் கவலை. ஆற்றை அவர்கள் ஒரு போக்குவரத்துப் பாதையாகக் கண்டனர். பாதையில் தடையிருந்தால் நீக்குவர். அதில் ஓடும் நீர் எத்தகையது என்பது இரண்டாம் நிலைக் கேள்வியாகவே இருந்தது.

1977இன் திட்டம் ஆற்றை வேறு விதமாக நோக்கியது. பிரதமரின் உரைக்குச் சில மாதங்களில், அக்டோபரில், சுற்றுப்புற அமைச்சின் பொறுப்பில் செயல்திட்டம் உருவாயிற்று. அமைச்சின் நிரந்தரச் செயலாளராகவும் பொறியாளராகவும் விளங்கிய லீ எக் தியெங் அதனை வழிநடத்தியவருள் முதன்மையானவர். திட்டத்தின் அடிப்படைக் கருத்து மிக எளியது: ஆறு அழுக்காவது ஆற்றில் அன்று, நிலத்தில். சிங்கப்பூர் ஆறும், காலாங் வடிநிலத்தில் வந்து விழும் காலாங், ரோச்சோர், வாம்போ, கேலாங் ஆறுகளும் தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நீரைத் திரட்டி வருகின்றன. அந்நிலப்பரப்பில் எங்கெங்கே கழிவு பிறக்கிறது என்று கணக்கெடுக்காமல் நீரைத் தொட்டுப் பயனில்லை. எனவே சேறு வாருவதும் கரையை அழகுபடுத்துவதும், மக்கள் கண்ணுக்குப் பளிச்செனத் தெரியக்கூடிய அப்பணிகள், வரிசையின் கடைசிக்குத் தள்ளப்பட்டன. அரசியல் நோக்கில் இது கடினமான முடிவு என்றே நாம் கருதுகிறோம். முதல் சில ஆண்டுகளில் செலவும் இடையூறும் மிகுதி. காட்டுவதற்கு ஆற்றில் ஒன்றுமில்லை.

கணக்கெடுப்பில் தெரியவந்தவை இன்று படிப்போர்க்கு வியப்பளிக்கும். காலாங் வடிநிலத்தில் மட்டும் 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் இருந்தன. கழிவுநீர்க் குழாய் எட்டாத கம்பங்களில் ஏறத்தாழ 26,000 குடும்பங்கள் வாழ்ந்தன. வீட்டின் பின்கட்டிலும் கொட்டகையிலும் நடந்த பட்டறைகளும் சிறுதொழில்களும் 2,800 அளவில் இருந்தன. தெருவோர அங்காடிக்காரர்கள் ஏறத்தாழ 5,000 பேர். பாத்திரம் கழுவிய நீரும் எச்சிலும் அருகிருந்த சாக்கடைக்கே சென்றன. ஆற்றின்மேல் ஏறத்தாழ 800 சரக்குப் படகுகள்.

இவர்களை அகற்ற வேண்டும் என்று எழுதுவது ஒரு வரி. எங்கே அனுப்புவது? திட்டத்தின் நுட்பம் இங்கேதான் இருக்கிறது. குடும்பங்களை எழுப்புவதற்கு முன் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகள் எழும்பியிருக்க வேண்டும். பட்டறைகளை மூடுவதற்கு முன் அவற்றை ஏற்கும் தொழிற்கூடங்கள் வேண்டும். அவை வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தையும் ஜூரோங் நகராண்மைக் கழகத்தையும் சார்ந்தவை. அங்காடிக்காரர்க்கு உணவங்காடி நிலையங்கள் வேண்டும். படகுகளுக்கு வேறொரு கடலோரம் வேண்டும். அது துறைமுக ஆணையத்தின் கையில். பண்ணைகள் அடிப்படை உற்பத்தித் துறையின் பொறுப்பு. ஆகவே ஆற்றுத் திட்டத்தின் ஒவ்வொரு மைல்கல்லும் இன்னொரு நிறுவனத்தின் மைல்கல்லைச் சார்ந்து நின்றது. ஒரு வட்டாரத்தில் வீடு கட்டும் பணி ஆறு மாதம் தாமதித்தால், அவ்வட்டாரத்துக் கால்வாயின் தூய்மையும் ஆறு மாதம் தாமதிக்கும்.

நற்பேறாக, இவற்றுட் பல பணிகள் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தன. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960 முதல் ஐந்தாண்டுத் திட்டங்களாக வீடுகளைக் கட்டிவந்தது. உணவங்காடி நிலையங்களின் கட்டுமானம் 1971இல் தொடங்கி 1986 வரை நீடித்தது. சுற்றுப்புற அமைச்சு 1972இல் அமைந்தது. நீர் மாசுபாட்டுக் கட்டுப்பாட்டுக்கான சட்டம் 1975இல் நிறைவேறியது. பத்தாண்டுத் தவணையின் சிறப்பு, புதிதாக எல்லாவற்றையும் படைத்ததில் இல்லை. தனித்தனி நாட்காட்டிகளில் ஓடிக்கொண்டிருந்த பணிகளை ஒரே கெடுவுக்குள் கொண்டுவந்து பிணைத்ததில் இருக்கிறது. ஒரு தலைவரின் ஒரு சொல்லால் ஆறு தூய்மையானது என்று சிலர் எழுதுவதும் பேசுவதும் உண்டு. அது பாதி உண்மை. மறுபாதி, அச்சொல்லுக்கு முன்பே பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கட்டப்பெற்றுவந்த வீடுகளிலும் சந்தைகளிலும் சாக்கடைக் குழாய்களிலும் புதைந்து கிடக்கிறது.

மறுகுடியமர்வுக்கு இழப்பீடு வழங்கப்பட்டது. நில உரிமை இல்லாத குடியிருப்பாளருக்கும், அவர் கட்டிய வீட்டையும் பயிரிட்டவற்றையும் கணக்கிட்டுக் கருணைத்தொகை கொடுக்கும் முறை இருந்தது. அதற்காக இடப்பெயர்வு எளிதாகிவிட்டது என்று சொல்ல முடியாது. கம்பத்தில் கோழியும் மரவள்ளியும் வளர்த்து, சிறு வரும்படியில் வாழ்ந்த குடும்பம், மாதந்தோறும் வாடகையும் நீர், மின்சாரக் கட்டணமும் செலுத்தும் வாழ்வுக்கு மாறியது. குழாயைத் திறந்தால் நீர் வந்தது. கழிப்பறை வீட்டுக்குள் வந்தது. இவை பெரும் நன்மைகள். இரண்டையும் ஒருங்கே சொல்லும் குடும்பங்கள் நம்மிடையே இன்றும் பல உள்ளன.

பண்ணைகளின் வரலாறு தனியே நின்று நோக்கத்தக்கது. பன்றிக் கழிவு நீரை மிகக் கடுமையாகக் கெடுக்கும். ஆகவே அப்பண்ணைகளைக் காலாங் வடிநிலத்திலிருந்து நீக்குவது தொடக்கக் கட்டங்களிலேயே இடம்பெற்றது. 1982க்குள் அப்பணி முடிந்தது. பன்றி வளர்ப்பையே கைவிட்டவர் உண்டு. பொங்கோலில் அமைந்த புதிய பண்ணை வட்டாரத்தில் தொழிலைத் தொடர முயன்றவரும் உண்டு. அங்கே கழிவைச் சுத்திகரிக்கும் முறைகளோடு நவீனப் பண்ணைகள் அமைக்கப்பட்டன. விவசாயிகளும் அவற்றில் முதலீடு செய்தனர். 1984இல் அரசு தன் கொள்கையை மாற்றியது. நிலமும் நீரும் அருகிய தீவில் பன்றி வளர்ப்பு தேவையில்லை, இறைச்சியை இறக்குமதி செய்துகொள்ளலாம் என்று முடிவாகி, அத்தொழில் முழுமையாக நிறுத்தப்படலாயிற்று. ஒருமுறை இடம்பெயர்ந்து புதிதாகத் தொடங்கியவர், சில ஆண்டுகளில் இரண்டாம் முறையும் கொட்டிலைக் கலைக்க நேர்ந்தது.

ஆற்றுத் திட்டத்தின் அட்டவணையில் பார்த்தால், பண்ணைகளைப் பற்றிய மைல்கல் உரிய காலத்தில் எட்டப்பெற்றது. அதில் பிழையேதுமில்லை. அந்த விவசாயியின் வாழ்க்கையை வரைந்தால், அதே மைல்கல் அவர் பாதையின் நடுவே நிற்கும் ஒரு கல் மட்டுமே. அதற்கப்பால் சென்ற பாதையை ஆற்றுத் திட்டம் தொடர்ந்து பார்க்கவில்லை, பார்க்கவும் அதற்கு வேலையில்லை. கொள்கை மாற்றம் தவறு என்று நாம் வாதிடவில்லை. குடிநீருக்கே நெருக்கடியான நிலத்தில் அம்முடிவுக்கு வலுவான காரணம் இருந்தது. ஆனால் மாற்றிடம் தந்தோம் என்பதோடு கணக்கை மூடிவிடும்போது, மாற்றிடத்தில் எத்தனை காலம் தரிக்க முடிந்தது என்ற கேள்வி எவருடைய ஏட்டிலும் ஏறாமல் போய்விடுகிறது. கட்டங்களாகப் பகுக்கும் முறையின் உள்ளார்ந்த குறை இது என்று கருதுகிறோம். ஒரு கட்டம் முடிந்தவுடன் அதன் பொறுப்பாளர் அடுத்த கட்டத்துக்குச் சென்றுவிடுகிறார், மனிதர் செல்வதில்லை.

1983ஆம் ஆண்டு ஆற்றங்கரையின் தோற்றத்தை மாற்றிய ஆண்டு. ஆற்றை ஒட்டிய தெருக்களில் அழுகிய தழையும் கூடையுமாக நடந்த காய்கறி மொத்த வணிகம் பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்துக்குச் சென்றது. சைனாடவுன் தெருக்களில் கடை விரித்தவர்கள் கிரேத்தா ஆயர் வளாகத்துக்குள் சென்றனர். செப்டம்பர் மாதத்தில் சரக்குப் படகுகள் ஆற்றை விட்டு, அவையும் பாசிர் பாஞ்சாங்குக்கே புறப்பட்டன. ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டுகளாகப் படகு நெரிசலின்றி எவரும் கண்டிராத நீர்ப்பரப்பு திடீரென வெறுமையாயிற்று.

படகுக்காரரின் தொழிலைத் தூய்மைத் திட்டமே அழித்தது என்று சொல்லுவது முறையன்று. தஞ்சோங் பகாரில் 1972இலேயே கொள்கலன் முனையம் இயங்கத் தொடங்கிவிட்டது. கப்பலிலிருந்து பாரந்தூக்கி நேராகக் கரைக்கு இறக்கும் பெட்டிகளுக்குப் படகும் வேண்டாம், மூட்டை தூக்கும் முதுகும் வேண்டாம். அத்தொழிலின் முடிவு கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. அதற்கு ஒரு நாள் குறித்தது மட்டுமே திட்டத்தின் செயல். ஆனாலும் நாள் குறிப்பது சிறிய செயல் அன்று. மெல்ல மெல்லத் தேயும் தொழிலில் மூத்தவர் ஓய்வுபெறுவர், இளையவர் வேறு வேலைக்குப் போவர். குறித்த நாளில் நிற்கும் தொழிலில் எல்லாரும் ஒரே நாளில் நிற்கின்றனர். மேலும், திறந்த கடலோரமான பாசிர் பாஞ்சாங் ஆற்றைப்போல் அடைப்புள்ள இடம் அன்று. ஆற்றில் ஓட்டுவதற்கென்றே கட்டப்பெற்ற படகுக்கு அது பழக்கமில்லாத நீர்.

இதன் பின்னரே சேறு வாரும் பணி முழு அளவில் நடந்தது. காலாங் வடிநிலத்தின் அடியிலிருந்த சேறு அகற்றப்பட்டு மணல் இடப்பட்டது, கரைச்சுவர்கள் செப்பனிடப்பட்டன, நடைபாதைகளும் மரங்களும் வந்தன. இக்கட்டத்தைப் பற்றி நீட்டி எழுத வேண்டுவதில்லை. படங்களில் நாம் காண்பது பெரும்பாலும் இதைத்தான்.

1986க்குள் தெருவோர அங்காடிக்காரர்கள் எல்லாரும் நிலையங்களுக்குள் வந்துவிட்டனர். 1987 ஜனவரியில் வாளிக் கழிப்பறை முறை நாட்டில் முற்றிலும் முடிவுக்கு வந்தது. இந்தச் செய்தி வரலாற்று நூல்களில் ஓரிரு வரிகளில் கடந்துபோகும். நகராட்சிக் காலந்தொட்டுத் தெருவையும் கால்வாயையும் துப்புரவு செய்த தொழிலாளர்களில் தென்னிந்தியர், அவர்களுள்ளும் தமிழர், பெருந்தொகையினர் என்பதை எண்ணும்போது, ஆற்றின் தூய்மை வரலாற்றில் நம் முன்னோரின் பங்கை அதிகாரிகளின் பெயர்ப்பட்டியலில் தேடுவதைவிடத் துடைப்பமும் வாளியும் பிடித்த கைகளில் தேடுவதே பொருந்தும்.

1987 செப்டம்பரில் தூய ஆறுகளின் நிறைவு விழா கொண்டாடப்பட்டது. திட்டத்தை நடத்திய பத்துப் பேருக்குத் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது. மறுகுடியமர்வுக்கான இழப்பீடு நீங்கலாகச் செலவு ஏறத்தாழ 170 மில்லியன் வெள்ளி. மீன் திரும்பி வந்திருந்தது. சொன்ன தவணைக்குள் சொன்ன இலக்கு எட்டப்பெற்றது. உலகின் பல நகரங்கள் ஆறுகளைத் தூய்மை செய்ய முயன்று காலக்கெடுவை மீண்டும் மீண்டும் தள்ளிப்போட்டுள்ளதை நினைத்தால் இது அரிய சாதனை என்பதில் ஐயமில்லை.

அந்த 170 மில்லியனை மாணவர்கள் வகுப்பில் விவாதிக்கும்போது, ‘இழப்பீடு நீங்கலாக’ என்னும் தொடரில் ஆசிரியர் சற்று நிற்க வேண்டும் என்று விரும்புகிறோம். சேறு வாரிய கணக்கும் கரை கட்டிய கணக்கும் திட்டத்தின் செலவில் அடங்குகின்றன. மனிதர் இடம்பெயர்ந்த கணக்கு வேறொரு தலைப்பில் இருக்கிறது. கணக்கியல் முறைப்படி அது இயல்பானதே. வரலாறு எழுதுவோர் இரண்டு ஏடுகளையும் அருகருகே விரித்துவைக்கக் கடமைப்பட்டவர். அதுபோல், 26,000 என்பது குடும்பங்களின் எண்ணிக்கை. ஆட்களின் எண்ணிக்கை அன்று. ஒரு குடும்பத்தில் எத்தனை பேர் இருந்திருப்பர் என்று மாணவரையே கணக்கிட்டுப் பார்க்கச் சொல்லலாம்.

இன்னொரு செய்தியும் ஆசிரியர்க்குப் பயன்படும். திட்டம் நடந்துகொண்டிருந்த 1979இல்தான் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு தொடங்கப்பெற்றது. ஒருபுறம் பழைய தொழில்கள் கட்டம் கட்டமாக அகற்றப்பட்டுவந்த ஆண்டுகளிலேயே, மறுபுறம் பழைய வாழ்வைப் பற்றிய குரல்களைப் பதிந்துவைக்கும் வேலையும் நடக்கத் தொடங்கியது. மறைந்துவரும் தொழில்களைப் பற்றிய பதிவுகளும் அத்தொகுப்பில் உள்ளன. நம் வகுப்பறைகளில் ஆற்றுத் திட்டத்தைக் கற்பிக்கும்போது பெரும்பாலும் முன்-பின் ஒளிப்படங்கள் இரண்டைக் காட்டி நிறுத்திவிடுகிறோம். அவ்விரு படங்களுக்கும் இடையே பத்து ஆண்டுகள் இருக்கின்றன. அந்த ஆண்டுகளின் வரிசையை மாணவரே வரைந்து, ஒவ்வொரு மைல்கல்லின் அருகிலும் அந்த மாதத்தில் வீடோ கடையோ தொழிலோ மாறிய ஒருவரின் குரலைப் பொருத்திப் பார்க்கும் பயிற்சி, ஒரு பருவத்துக்குப் போதிய பணியாகும். தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதுவதற்கு இன்னும் காலம் இருக்கிறது. நீண்ட காலம் இல்லை.

1987இல் திட்டம் முடிந்ததா என்றால், அதன் அடுத்த கட்டம் அப்போதே பேசப்பட்டது. முகத்துவாரத்தை அணையிட்டு அடைத்து, நகர நடுவில் ஒரு நன்னீர்த் தேக்கத்தை உருவாக்கலாம் என்ற எண்ணத்தை லீ குவான் இயூ அந்த ஆண்டிலேயே வெளியிட்டார். போட் கீயின் பழைய கடைவீடுகள் 1989இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பெற்றன; கிடங்குகளாக இருந்த கட்டடங்களில் உணவகங்கள் குடிபுகுந்தன. மரினா அணைக்கட்டு 2008 அக்டோபரில் திறக்கப்பட்டது. உள்ளே தங்கியிருந்த உப்புநீரை மழைநீர் சிறிது சிறிதாக வெளியேற்ற, 2010இல் மரினா நன்னீர்த் தேக்கமாகப் பயன்பாட்டுக்கு வந்தது. 1977இல் மீனைக் காட்டிச் சொல்லப்பட்ட குடிநீர் நோக்கம் நிறைவேற முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின.

அணை எழுந்த பிறகு கடலின் ஏற்ற இறக்கம் ஆற்றுக்குள் வருவதில்லை. இன்று ஆற்றில் ஓடுபவை சுற்றுப்பயணிகளை ஏற்றிச் செல்லும் மின்படகுகள். கேவனா பாலத்தின்கீழ் நீர்மட்டம் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கிறது. நீர் இறங்கட்டும் என்று அங்கே காத்திருக்க எந்தப் படகுக்கும் தேவையில்லை.